டிரம்ஸ்: பெரியவர்

மைத்துனன் குடிவந்த அன்று சர்வேயர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"வீட்டுக்குள்ள டிரம்ஸ் வரக்கூடாது."

"வராது மாமா," என்றான் அவன்.

அவன் உடனே ஒப்புக்கொண்டதுதான் அவருக்கு உறுத்தியது. ஒரு பேச்சுக்குக்கூட முரண்டு பிடிக்காமல் யாராவது தலையாட்டினால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். தொழில் அப்படி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நஷ்டத்தை நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. தீப்பிடித்த கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு, பூட்டு உடைபட்ட வீடு என்று ஏதாவது ஓர் அலங்கோலத்தின் நடுவில் நின்றுகொண்டு, எதிரில் அழுகிறவன் நிஜமாகவே அழுகிறானா என்று பார்க்கவேண்டும். அழாதவனையும் சும்மா விடமாட்டார். ஏன் அழவில்லை என்று யோசிப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'அப்படியா' என்று பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான்.

மைத்துனன் அவர் மனைவியின் தம்பி. விளம்பரங்களுக்கும் பாட்டுகளுக்கும் தாளம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன். முன்பு இருந்த வாடகை அறையில் சத்தம் தாங்கமுடியவில்லை என்று வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். அக்காக்காரி மனசு கேட்காமல் பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தாள். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், முழ நீளத்தில் ஒரு கீபோர்டு, சுவரில் அடிப்பதற்குப் பழைய மெத்தைகள் என்று சாமான்கள் இறங்கின. சர்வேயர் வாசலிலேயே நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். டிரம்ஸ் இல்லை. அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லை.

ஒரு நாள் மதியம், பார்க்கவேண்டிய கடையின் முதலாளி வரவில்லை என்று சீக்கிரமே வீடு திரும்பினார். பாதிப் படி ஏறும்போதே காதில் விழுந்தது. குச்சியோடு குச்சியைத் தட்டி ஒருவர் தொடங்குகிறார். காலால் மிதிக்கிற பெரிய டிரம் நெஞ்சில் இடிப்பதுபோல் விழுகிறது. தாளத்தட்டுகள் சலசலக்கின்றன. நடுவில் நாற்காலி ஒன்று கிறீச்சிட, வாசிக்கிற ஆள் மூச்சை இழுத்து விடுகிறார்.

'மாட்டினான்' என்று நினைத்துக்கொண்டு மிச்சப் படிகளைத் தாவி ஏறினார். கதவைத் தட்டவில்லை. ஒரே தள்ளு.

உள்ளே மைத்துனன் மட்டும்தான் இருந்தான். ஒரு கை மௌஸின் மேல், இன்னொரு கை கன்னத்தில். அவன் அசையவே இல்லை. டிரம்ஸ் தன் பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்தது. சர்வேயர் கதவுக்குப் பின்னால் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரியைத் திறந்தார்.

"என்ன மாமா தேடறீங்க?"

"வாசிக்கிற ஆளை."

அவன் சிரித்துவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினான். எங்கேயோ ஒரு பெரிய ஸ்டுடியோவில் நிஜமான டிரம்மர் ஒருவர் உட்கார்ந்து, ஒரே டிரம்மை மெல்லத் தொட்டு, கொஞ்சம் அழுத்தி, ஓங்கி என்று பல விதமாக அடித்துப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். அந்த அடிகளெல்லாம் சாஃப்ட்வேருக்குள் இருக்கின்றன. இவன் வேண்டியதை வேண்டிய இடத்தில் கோத்துக்கொள்கிறான். திரையில் கோடு போட்ட கட்டங்களுக்குள் கடுகு சிந்தியதுபோல் பொட்டுகள்.

"கோட்டு மேல வெச்சா வேலை முடிஞ்சுது. காலைலேர்ந்து என்ன பண்றே?"

"கோட்டு மேலயே வெச்சா மெஷின்னு காட்டிக்குடுத்துடும் மாமா. மனுஷன் அப்படி அடிக்கமாட்டான். ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். வலது கை பலமா விழும், இடது கை கொஞ்சம் சோம்பேறி. பாட்டு சூடு பிடிச்சா தன்னை அறியாம ஓடுவான். அதனால ஒவ்வொண்ணையும் எடுத்து மயிரிழை தள்ளித் தள்ளி வெக்கறேன். கச்சிதமா இருக்கறதைப் பாத்துப் பாத்துக் கெடுக்கறேன்."

"அந்த நாற்காலி?"

"நம்ம சாப்பாட்டு மேஜை நாற்காலிதான். நான் உக்காந்து ஆடிப் பதிவு பண்ணேன். மூச்சும் என்னோடதுதான்."

சர்வேயர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்துக் கெடுக்கிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். தன் கடைக்குத் தானே நெருப்பு வைத்த ஒருவர், எல்லாம் எரிந்திருந்தால் சந்தேகம் வரும் என்று, விலை உயர்ந்த ஓர் அலமாரியைப் பாதி எரிந்த நிலையில் விட்டுவைத்திருந்தார். அந்தப் பாதிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

"இவ்வளவு மெனக்கெட்டு யாரை நம்பவைக்கறே?"

"யாரையும் இல்ல மாமா. கேக்கறவங்களுக்கு இயல்பா இருக்கணும், அவ்வளவுதான்."

சொல்லும்போது அவன் பார்வை மேஜை மேல் இருந்த போனுக்குப் போய்விட்டுத் திரும்பியது. "அப்படியா," என்றார் சர்வேயர்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஏதோ மறைந்திருப்பதுபோலவே பட்டது. துண்டு எடுக்கப் போனவருக்குப் போர்வை அலமாரியின் அடியில் புத்தம்புது டிரம்ஸ் குச்சிகள் ஒரு ஜோடி கிடைத்தன. பட்டுத்துணியில் சுற்றி, ஒரு நாடாவால் கட்டியிருந்தது. டிரம்ஸே இல்லாத வீட்டில் குச்சி எதற்கு? அதுவும் போர்வைக்கு அடியில்? கேட்கவில்லை. பதில் தெரியாமல் கேள்வி கேட்பது அவர் வழக்கமில்லை. எடுத்த மாதிரியே வைத்துவிட்டார்.

அடுத்தது போன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க, அவர் யார்கிட்டயும் பேசமாட்டார்... சுபாவமே அப்படி... வயசாச்சு இல்லையா, உடம்பும் முன்ன மாதிரி இல்ல... நான்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

சர்வேயர் கண்ணாடி முன்னால் போய் நின்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். தலை நரைத்திருந்தது உண்மைதான். அதற்காக 'வயசாச்சு' என்றா சொல்வது? உடம்புக்கு என்ன? யார்கிட்டயும் பேசமாட்டாராமே!

"காலைல யாரு போன்ல?" என்று சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"கடையிலேர்ந்து," என்றாள் அவள்.

அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் போன் விஷயத்தில் பொய் சொன்னதும் கிடையாது. அன்று மாலை சர்வேயர் எதிர்வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி, மனைவி கண்ணில் படுகிற மாதிரி, தண்ணீர்த் தொட்டி அடைப்பைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சே வராத மனிதன் இல்லை என்று காட்டவேண்டுமே. எதிர்வீட்டுக்காரர்தான் பாவம், இவருக்கு இன்று என்ன வந்தது என்று முழித்தார்.

அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசுவதும், இவர் தலையைக் கண்டதும் காய்கறி விலைக்குத் தாவுவதும் நாளுக்கு நாள் அதிகமாயிற்று. சர்வேயர் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார். துப்பு வீட்டில் கிடைக்கவில்லை, காரில் கிடைத்தது.

நஷ்டம் நடந்த இடங்களைப் படம் எடுக்க அவரோடு ஒரு போட்டோக்காரர் வருவார். வண்டி ஓட்டுவதும் அவர்தான். ஒரு நாள் போகிற வழியில் அவர் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே வந்தார்.

"இந்தம்மா பாட்டெல்லாம் இப்ப எங்க பாத்தாலும் ஓடுது சார். அதைவிட இந்த டிரம்ஸைக் கேளுங்க. வாசிக்கிறவர் யாருன்னே ஒருத்தருக்கும் தெரியல. முகம் காட்டமாட்டாராம். டிரம்ஸ், பெரியவர். அவ்வளவுதான் போட்டிருக்கு."

"அப்படியா," என்றார் சர்வேயர். அந்த நேரம் பார்த்துப் பாட்டு அடங்கி ஓர் இடைவெளி வந்தது. அதில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியாதா? காலின் இணைப்பு தளர்ந்துபோய், அவரே திருகாணி போட்டு முறுக்கி, அப்படியும் சரியாகாத நாற்காலி. தினமும் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்ததும், தட்டில் கை வைக்காமல் கேட்டார்.

"பெரியவர் யாரு?"

மனைவிக்குப் புரையேறியது. மைத்துனன் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான். சர்வேயர் தண்ணீர் டம்ளரை மனைவி பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். சும்மா இருந்தால் போதும், எதிரில் இருப்பவரே சொல்லிவிடுவார்.

மைத்துனன்தான் சொன்னான். அந்தப் பாட்டுகளைப் பாடுகிற பாடகி முதல் தடவை போன் செய்தபோதே கறாராகச் சொல்லிவிட்டாளாம், மெஷின் தாளத்துக்குப் பாடமாட்டேன், மனுஷர் வாசிக்கவேண்டும் என்று. இவனுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். எங்க வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார், பிரமாதமா வாசிப்பார், ஆனா கூச்ச சுபாவம், வெளியில வரமாட்டார். ஒரே ஒரு பாட்டோடு போய்விடும் என்று நினைத்தான். பாட்டு பிடித்துப்போய் இன்னொன்று வந்தது. பிறகு இன்னும் இரண்டு. பெரியவரிடம் பேசவேண்டும் என்று அவள் அடம்பிடித்தபோது அக்கா உதவிக்கு வந்தாள். குச்சிகள் பெரியவருக்காகப் பாடகி அனுப்பிவைத்தவை.

"அப்போ வயசாச்சு, உடம்பு சரியில்லன்னு சொன்னது..."

"உங்களையா சொன்னேன்?" என்றாள் மனைவி. "ஐயோ, அதனாலதான் அன்னிக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுவெச்சு அந்தப் பேச்சுப் பேசினீங்களா?"

தன்னைச் சொல்லவில்லை என்பதில் சர்வேயருக்கு ஒரு நிம்மதி. தன் வீட்டுக்குள்ளேயே இல்லாத ஆள் ஒருவர் இத்தனை நாள் குடியிருந்திருக்கிறார் என்பதில் பெரிய எரிச்சல். இல்லாத ஆட்களைக் கண்டுபிடிப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளமே.

"அதுல ஒரு பாட்டைப் போடு," என்றார்.

மைத்துனன் மூன்றாவது பாட்டைப் போனில் போட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு கைகளையும் தூக்கி, கேட்கிற அடிகளை ஒவ்வொன்றாகக் காற்றில் அடித்துப் பார்த்தார். விபத்து நடந்த விதத்தை ஆட்கள் சொல்லும்போதும் அப்படித்தான் செய்வார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் போன், அப்படியானால் கதவை எந்தக் கையால் சாத்தினாய் என்று கேட்பார்.

"நிறுத்து. திரும்பப் போடு... இங்க. வலது கை இந்தத் தட்டுல இருக்கு. இடது கை நடு டிரம்ல. அதே நேரம் அங்க ஒரு தட்டு விழுதே, அதை யாரு அடிச்சா?"

மைத்துனன் போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டான். முகம் வெளுத்தது. "காலா இருக்கக்கூடாதா?" என்றாள் அக்கா. "கால் ரெண்டும் வேற வேலையில இருக்குக்கா," என்றான் அவன் ஈனசுரத்தில். "மூணு கை வேணும். எப்படிக் கவனிக்காம விட்டேன்?" பிறகு தானே தேற்றிக்கொண்டு, "யாருக்கும் தெரியாது மாமா," என்றான்.

"எனக்குத் தெரிஞ்சுதே. டிரம்ஸ்னா என்னன்னே தெரியாத எனக்கு." சர்வேயர் சாப்பிடத் தொடங்கினார். "நாளைக்கே அந்தம்மாவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிடு. அவங்களா கண்டுபிடிச்சா வேற மாதிரி ஆகும்."

சரி என்றான். மறுநாள் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை. நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

இதற்கிடையில், தண்ணீர் புகுந்த ஒரு கிடங்கில் சேற்றில் வழுக்கி விழுந்து சர்வேயர் கணுக்கால் பிசகிக்கொண்டார். காலில் கட்டுப் போட்டு, ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மைத்துனன் ஏதோ ஒயர் வாங்கிவருவதாக வெளியே போயிருந்தான். முற்பகலில் அழைப்புமணி அடித்தது. நொண்டிக்கொண்டே போய்த் திறந்தார்.

தோளில் ஒரு பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் முகத்தைப் பார்த்தாள், நரைத்த தலையைப் பார்த்தாள், கடைசியில் கைகளைப் பார்த்தாள்.

"பெரியவர் வீடு இதானே?"

குரலைக் கேட்டதுமே காரில் பாடியவள் என்று தெரிந்துவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, "உள்ள வாங்க."

அவள் உள்ளே வந்து நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. எரிந்த கடைக்குள் நுழையும்போது அவரே அப்படித்தான் பார்ப்பார். சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய் ஒரு நாற்காலியை ஆட்டினாள். அது கிறீச்சிட்டது.

"இதுதானா?"

"இதுதான்."

அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். "கால்ல என்ன?"

"வழுக்கிட்டேன்."

"அப்போ வாசிக்க முடியாதே."

"இப்போதைக்கு முடியாது."

சர்வேயருக்கே வியப்பாக இருந்தது. இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னார். அப்படியும் நிமிஷத்துக்கு நிமிஷம் பெரியவராகிக்கொண்டே இருந்தார். அவர் பார்த்த கைதேர்ந்த புளுகர்கள் எல்லாரும் இந்த வழியில்தான் போனார்கள். வாயை அதிகம் திறக்கமாட்டார்கள். திறந்தால் உண்மை வரும்.

"நீங்க பேசமாட்டீங்கன்னு சொன்னாங்க," என்றாள் பாடகி. அவர் பேசாமல் இருந்தார். அதுவும் பொருத்தமாகவே அமைந்தது.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, வந்த கோபத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவள்போல் சிறிது நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான் பாடும்போது மூச்சு எடுக்கற இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். எங்க எடுப்பேன்னு எனக்கே தெரியாது. என்கூட வாசிச்சவங்க எல்லாரும் அதுக்குத் திட்டியிருக்காங்க. நீங்க மட்டும்தான் நான் மூச்சு எடுக்கற இடத்துலெல்லாம் ஒரு துளி காத்திருந்து அடிக்கறீங்க. முதல் பாட்டு கையில வந்ததும் ஹெட்போன்ல போட்டுக் கேட்டு அழுதுட்டேன். யாரோ என்னை ஒழுங்கா கேட்டிருக்காங்கன்னு."

சர்வேயருக்குக் கூச்சமாகிவிட்டது. தனக்கு வராத தபாலைப் பிரித்துப் படித்துவிட்டவரைப்போல் கையைப் பிசைந்தார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும்." அவள் குரல் மாறியது. "மேடையில பாடறதுக்காக வேற ஒரு டிரம்மரை வெச்சு ஒத்திகை பாத்தோம். உங்க வாசிப்பை அப்படியே வாசிக்கச் சொன்னேன். மூணாவது பாட்டுல ஓர் இடத்துல நிறுத்திட்டார். இதை வாசிக்க மூணு கை வேணும், யாரும் முடியாதுன்னுட்டார். நீங்க எப்படி அடிச்சீங்க?"

பதில் அவர் நாக்கு நுனியில் தயாராக நின்றது. முதலில் ஒரு தடவை வாசித்தேன், அந்த ஒரு தட்டை மட்டும் பிறகு தனியாக அடித்துச் சேர்த்தோம். அவ்வளவுதான். யாரும் குறை சொல்லமுடியாத பதில். எங்கேயும் ஓட்டை இல்லை. இதை எப்போது யோசித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கேள்வி வருவதற்குள் பதில் வந்து உட்கார்ந்திருந்தது. வேறு யாராவது இவ்வளவு சுருக்கில், இவ்வளவு வழவழப்பாகப் பதில் சொல்லியிருந்தால் சர்வேயர் அந்த இடத்திலேயே அவரை நம்புவதை நிறுத்தியிருப்பார்.

அவள் இமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் டிரம்ஸைத் தொட்டதுகூட இல்லம்மா," என்றார். "பெரியவர்னு யாரும் கிடையாது."

பாடகி அசையவில்லை. "போன்ல பேசினது?"

"என் மனைவி."

"நான் அனுப்பின குச்சி?"

"போர்வை அலமாரில இருக்கு."

அவள் ஒரு தடவை சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை. "உடம்பு சரியில்லன்னாங்க. நான் வேண்டிக்கிட்டேன் தெரியுமா? தினமும் வேண்டிக்கிட்டேன். இல்லாத ஒரு ஆளுக்கு உடம்பு குணமாகணும்னு."

சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து மைத்துனன் கையில் ஒயர்ச் சுருளோடு சீட்டியடித்துக்கொண்டே உள்ளே வந்தான். அவளைப் பார்த்தான். சீட்டி பாதியில் நின்றது. மாமாவைப் பார்த்தான். மாமா தலையை நிமிர்த்தவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

"நீ எங்க பண்ணேன்னு காட்டு," என்றாள் பாடகி.

பின்பக்க அறைக்குப் போனார்கள். சர்வேயரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி போனார். மைத்துனன் அந்த மூன்றாவது பாட்டைத் திறந்தான். திரையின் மேல்பாதியில் அவள் குரல் மலை மலையாக ஓடியது, கீழ்ப்பாதியில் பொட்டுகள்.

"இது எல்லாம் சாஃப்ட்வேரே போட்டதா?"

"இல்ல... அதுபாட்டுக்குப் போடறதும் இருக்கு. எல்லாத்தையும் கண்டபடி கொஞ்சம் நகத்திக் குடுத்துடும். ஆனா அது உங்க பாட்டைக் கேக்காது. அதனால நான் உங்க குரலை மட்டும் தனியாப் போட்டுக் கேப்பேன். இதோ, இங்க மூச்சு எடுக்கறீங்க. இங்க எல்லாத்தையும் பின்னால தள்ளியிருக்கேன். இங்க அவசரமா எடுக்கறீங்க, அதனால கம்மியாத் தள்ளினேன்."

அவள் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். ஒவ்வோர் இடமாகப் போடச் சொல்லிக் கேட்டாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க வேலையே குடுத்திருக்கமாட்டீங்க."

"குடுத்திருக்கமாட்டேன்தான்." அவள் நிமிர்ந்தாள். "ஆனா இப்போ நீ சொல்றதுல எதை நம்பறது? மூச்சைப் பாத்துத் தள்ளினேங்கறே. அதுவும் இப்போ எனக்காகச் சொல்றதா இருக்கலாம்."

அந்த மூன்றாவது கையை எடுக்கச் சொன்னாள். எடுத்தான். திரும்பப் போட்டுக் கேட்டாள். பெரியவர் பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடப்போவதாகச் சொன்னாள். சர்வேயர் டீ போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டு, குச்சிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் வெடித்தது. "நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் சமாளிச்சிருக்கக்கூடாதா?" என்றாள் மனைவி. "பெரியவர் தூங்கறார்னு சொல்லியிருக்கலாம். வெளியூர் போயிருக்கார்னு சொல்லியிருக்கலாம். ஊரான் வீட்டுப் பொய்யைத் தோண்டற மாதிரியா நம்ம வீட்டுக்குள்ளயும் பண்ணணும்?"

மைத்துனன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்கே போய்ச் சாப்பிட்டான். கூடத்தில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கிப் போனான். ஐந்தாவது பாட்டைப் பாடகி வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்த அன்று கதவைச் சாத்தியவன் மறுநாள்தான் திறந்தான். மாமா வேண்டுமென்றே காட்டிக்கொடுத்துவிட்டார், முதல் நாளிலிருந்தே தன்மேல் அவருக்கு ஒரு கண் என்று அக்காவிடம் சொன்னானாம்.

கணுக்கால் வீக்கம் வடிந்துகொண்டிருந்த ஒரு மாலை, மனைவி கட்டை அவிழ்த்துத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். சர்வேயர் திடீரென்று, "நான் பொய் சொல்லத்தான் இருந்தேன்," என்றார்.

"எப்போ?"

"அந்தம்மா கேட்டப்போ. கதவைத் திறந்ததுலேர்ந்தே நான்தான் பெரியவர்ங்கற மாதிரி உக்காந்துட்டேன். அவங்க மனசு விட்டுப் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டேன். மூணு கைக்கும் பதில் வெச்சிருந்தேன்."

அவள் தடவுவதை நிறுத்தினாள். "என்ன பதில்?"

சொன்னார். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"நல்ல பதில்தானே! ஏன் சொல்லல?"

"ரொம்ப நல்ல பதிலா இருந்துது. பயந்துட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களா? குச்சியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாத நீங்களா?" தைலக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கண் எரிந்து, அழுதுகொண்டே சிரித்தாள். சத்தம் கேட்டு மைத்துனன் வாசற்படியில் வந்து நின்றான். அக்கா அவனுக்கும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் மாமாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தனியா வாசிச்சுச் சேக்கறது எல்லாரும் பண்றதுதான் மாமா. அவங்க நம்பியிருப்பாங்க," என்றான். அவ்வளவு நாளில் அவன் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. மறுநாள் முதல் மேஜைக்குச் சாப்பிட வந்தான்.

பாடகியிடமிருந்து பல மாதம் ஒன்றும் வரவில்லை. மைத்துனன் பழையபடி விளம்பரங்களுக்குத் தாளம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். யார் கேட்டாலும் முதல் வார்த்தையாக, கம்ப்யூட்டரில் செய்வது என்று சொல்லிவிடுவான். அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின. சிலர் அதனாலென்ன என்றார்கள்.

மழை ஓய்ந்திருந்த ஒரு காலை அவள் போன் செய்தாள். ஐந்தாவது பாட்டை வாசித்தவர் நன்றாகத்தான் வாசித்தாராம். ஆனால் அவள் மூச்சுக்கு அவர் காத்திருக்கவில்லை. கேட்டதற்கு, நீங்கள்தான் தாளத்துக்குப் பாடவேண்டும் என்றாராம். புதிதாக ஒரு பாட்டு இருக்கிறது. இவன் பெயரையே போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வொரு பொட்டையும் நகர்த்தும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

சொன்ன நாளில் வந்தாள். சர்வேயரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு நேரே பின்பக்க அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது, பாட்டு இல்லை, சண்டை. "ஏன் இங்க தள்ளினே? நான் இங்க மூச்சே எடுக்கல. மறுபடி போடு." "எடுத்தீங்க. கேளுங்க." "பொய் சொல்லாதே." "நீங்களே கேளுங்களேன்." பாட்டு ஓடியது, நின்றது. "சரி, எடுத்திருக்கேன். ஆனா இவ்வளவு தள்ளாதே."

மனைவி டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தத் தடவை வேண்டாம் என்ற சத்தம் கேட்கவில்லை. கீழே போட்டோக்காரர் வண்டியில் இருந்தபடி ஹாரன் அடித்தார். நூல் கிடங்கு ஒன்றில் முந்தைய நாள் தீ. சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று பொதுவாக உள்ளே பார்த்துச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு, கணுக்காலுக்கு இடம் கொடுத்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.